மாக்கியவெல்லி மெம்பர்

நாலேமுக்கால் வருஷப் பஞ்சாயத்து மெம்பர் உத்தியோகத்தில் பேச்சி வாங்காத ஏச்சு கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஏசினார்கள். எரிந்தபோது, ஆனைக்கு வழி காட்டுகிறாள் என்று ஏசினார்கள். கள்ளி, வாயாடி, காரியக்காரி, கொழுந்து கிள்ளினவளுக்குத் தோல்பையும் குடையுமா என்று எத்தனையோ. காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடுகிற மாதிரி தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை கிராமசபையில் தாணுமாலயன் சார் மைக்கைப் பிடித்துச் சொன்ன வார்த்தை அவளுக்கு விளங்கவில்லை. விளங்காத ஏச்சை எப்படித் தட்டிவிடுவது? அது கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

வித்துராவிலிருந்து பொன்முடி ரோட்டில் போய், கல்லாறு வருவதற்கு முன்னால் வலப்பக்கம் பிரிந்து, ஜீப் மட்டும் ஏறும் வழியில் ஒன்பது கிலோமீட்டர் போனால் குதிரைப்பாறை எஸ்டேட். முதலாளி பூட்டிவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லய வீடுகளில், மேலலயத்திலும் கீழலயத்திலுமாக இன்னும் முப்பத்தோரு குடும்பம் இருக்கிறது. அநேகமாக எல்லாரும் தாத்தன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறினவர்கள். கூரைத் தகரம் துருப்பிடித்து உதிர்ந்து, அதன்மேல் நீலத் தார்ப்பாய் கட்டி, தார்ப்பாய் கிழிந்து, அதன்மேல் இன்னொரு தார்ப்பாய். ஐப்பசியில் துலாவர்ஷ மழை தொடங்கினால் வீட்டுக்குள் குடை பிடித்துச் சோறு வடிக்கிற ஊர் அது.

இவர்களுக்காக வித்துராவுக்குப் பக்கத்தில் சர்க்கார் மூன்று மாடியில் வீடு கட்டியது. ஒரே ஒரு நிபந்தனை. முப்பத்தோரு குடும்பமும் சம்மதப் பத்திரத்தில் ஒப்புப் போட்டு லயத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் யாருக்கும் கிடையாது. எட்டு மாசம் ஒருவரும் போடவில்லை. அப்புறம் ஆகஸ்டில் மூன்றே நாளில் முப்பத்தொன்றும் விழுந்தது. எப்படிச் சாதித்தாய் என்று பஞ்சாயத்து பிரசிடெண்டே கேட்டதற்குப் பேச்சி சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பைத்தான் தாணுமாலயன் சார் சனிக்கிழமை பிரித்துப் போட்டார். நாஞ்சில் நாட்டுக்காரர், எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். எஸ்டேட் பூட்டிய அன்று மற்றவர்களுக்கு வேலை போனது, அவருக்கு வேலையோடு மேஜையும் போனது. அதிலிருந்து எங்கே காகிதத்தைக் கண்டாலும் விடமாட்டார். தகவல் உரிமையில் எழுதிப் போட்டு முப்பத்தோரு பத்திரத்துக்கும் நகல் வாங்கிவிட்டார். மற்றவர்கள் பத்திரத்தில் எழுத்தைப் பார்ப்பார்கள். அவர் தேதியைப் பார்த்தார்.

"ஆகஸ்ட் பதினெட்டு. அன்னைக்கு ஒரே ஒரு ஒப்பு. ஆரு? ராஜையன். நம்ம மெம்பருக்க வீட்டுக்காரன். பத்தொம்பதாந்தேதி மேலலயம் பதினஞ்சு வீடு. அதுல நானும் உண்டு. இருவதாந்தேதிதான் கீழலயத்துல பாக்கி பதினஞ்சு வீடும். செரியா? அப்ப பத்தொம்பதாந்தேதி இவ எங்கிட்ட என்ன சொன்னா? 'சாரே, கீழலயம் பூரா போட்டாச்சு. அவிய எறங்கிப் போயிட்டா நீங்க மட்டும் ஆனைக்கும் காட்டுப்போத்துக்கும் நடுவுல கெடப்பிய'ன்னு சொன்னா. ராஜையனுக்க பத்திரத்தையும் எடுத்துக் காட்டினா. அன்னைக்குக் கீழலயத்துல வேற ஒரு மனுசன் போடல்ல, கேட்டேளா!"

அங்கன்வாடிக் கட்டிடத்தில் சலசலப்பு எழுந்தது. மேலலயத்து கௌசல்யா எழுந்து, "எங்கிட்டயும் இதத்தானே சொன்னா. ராத்திரி உறங்காம இருந்துல்லா காலையில போட்டேன்" என்றாள்.

"இதுக்கு இங்கிலீஷில ஒரு வார்த்தை உண்டு" என்றார் சார். "மாக்கியவெல்லியன்! நம்ம மெம்பரு ஒரு மாக்கியவெல்லியாக்கும்."

அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சொன்ன விதத்திலேயே அது நல்ல வார்த்தை இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பின்வரிசையில் இருந்த ராஜையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"சாரே, அந்த மொதத் தேதிய இன்னொருக்கா வாசியும்."

"ஆகஸ்ட் பதினெட்டு."

"எனக்கு முன்னால ஆரும் போடலியா?"

"ஒனக்கு முன்னால ஒருத்தனும் இல்லப்பா. நீதான் மொத ஆள்."

ராஜையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். மறுபடி தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். பேச்சி மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் முப்பது குடும்பம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். மேலலயத்தாரிடம் அவள் சொன்னது பொய். மறுநாள் கீழலயத்தாரிடம் 'மேலே எல்லாரும் போட்டாச்சு' என்று சொன்னது அந்தப் பொய்யில் பிறந்த உண்மை. இரண்டுக்கும் அவளிடம் சமாதானம் இருந்தது. ஆனால் பதினெட்டாம் தேதி சாயங்காலம் சொந்தப் புருஷனிடம், "கேட்டியளா, முப்பது வீடும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நம்மளால மத்தவியளுக்கு வீடு போவக் கூடாது பாத்துக்கிடுங்க" என்று சொன்னாளே, அதற்கு என்ன சமாதானம்?

ராஜையன் அன்று சாப்பிடாமல் கையெழுத்துப் போட்டான். ஏன் அவ்வளவு நாள் போடவில்லை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். கீழலயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு சில்வர் ஓக் மரம். அதன் அடியில் மூத்தவள் கோமதி இருக்கிறாள். நாலு வயசில், ஓர் ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில், கல்லாறு ரோட்டுக்கு மேல் ஓடியதால் ஜீப் இறங்க முடியாமல், காய்ச்சலில் போனவள். ராஜையன் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய்ப் புல்லைப் பறித்துவிட்டு வருவான். செத்த பிள்ளைக்குக் காவல் இருப்பதா, இருக்கிற பிள்ளைக்கு ஒழுகாத வீடு பார்ப்பதா என்று பேச்சி தனக்குள்ளேயே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டுவிட்டாள். அவளும் தாய்தான். அழுதுகொண்டேதான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவனிடம் கேட்கவில்லை.

மதிய ஜீப்பில் இளையவள் அஞ்சு வந்து இறங்கினாள். திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி பொலிட்டிக்கல் சயன்ஸ் படிக்கிறாள். ஜீப் ஓட்டுகிற அபின் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான்.

"எந்தாம்மா இது? மாக்கியவெல்லி மெம்பரோட மோளான்னு அபின் சேட்டன் கேக்குறாரு!"

"ஆமா, அதான் கேக்கணும்னு இருந்தேன். கப்பையத் தின்னுக்கிட்டே சொல்லு. அது என்னட்டி வார்த்த?"

வேகவைத்த மரவள்ளிக் கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் நடுவில் இருந்தன. அஞ்சு ஒரு துண்டை எடுத்து ஊதிக்கொண்டே சொன்னாள்.

"அது ஒரு ஆளோட பேரு. மாக்கியவெல்லி. இத்தாலிக்காரரு. ஐந்நூறு வருஷம் முன்னாடி."

"அவன் என்ன செஞ்சான்?"

"எழுதினாரு. ராஜா நல்லவனா இருந்தா மட்டும் போதாது, நாட்டைக் காப்பாத்தணும்னா பொய் சொல்ல வேண்டி வரும், வாக்கு மாற வேண்டி வரும், பயப்படுத்த வேண்டி வரும். ஜனங்க ரிசல்ட்டத்தான் பாப்பாங்கன்னு எழுதினாரு. அதுக்கப்புறம் காரியத்துக்காகத் தந்திரம் பண்றவங்கள எல்லாம் மாக்கியவெல்லியன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பாவம், வாசிக்காதவங்கதான் கூடுதலா சொல்றது."

"அவனே ராஜாவா?"

"இல்லம்மா. கவர்மெண்ட் ஆபீஸ்ல உத்தியோகம். ஆட்சி மாறினதும் வேலை போச்சு. பிடிச்சு, கையப் பின்னாடி கட்டித் தூக்கித் தொங்கவிட்டு உபத்திரவிச்சாங்க. அப்புறம் ஒரு கிராமத்துல போய் இருந்துக்கிட்டுத்தான் எழுதினாரு. மறுபடி வேலை கிடைக்கும்னு நினைச்சு."

பேச்சி சிரித்துவிட்டாள். "வேல போன ஆபீஸ் ஆளா? அப்ப நம்ம தாணு சார் மாதிரில்லா இருக்கு."

அஞ்சுவும் சிரித்தாள். பேச்சி பால் விடாத கட்டன் சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லலாமா, புருசங்கிட்ட சொல்லலாமான்னு அவன் ஏதும் எழுதியிருக்கானா?"

அஞ்சு மெல்லுவதை நிறுத்தினாள். "இல்லம்மா. நாட்டைப் பத்தித்தான் எழுதினாரு. வீட்டைப் பத்தி எழுதல."

"அதானே பாத்தேன்" என்றாள் பேச்சி.

இரண்டு மணிக்கு மேல் மழை சற்று விட்டது. எஸ்டேட் பூட்டியபின் தேயிலைக் காட்டை ஆளுக்கு இத்தனை செடி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளிய பச்சைக் கொழுந்து வாரம் இரண்டு தடவை வேறொரு பாக்டரிக்குப் போகும். ராஜையன் முன்பு இந்த எஸ்டேட் பாக்டரியில் அடுப்புக்குத் தீ போட்டவன். இப்போது மற்ற நாட்களில் கல்லாற்றில் ஒரு கடையில் டூரிஸ்டுகளுக்கு வாழைக்காய் பஜ்ஜி போடுகிறான். அன்று கடைக்குப் போகவில்லை. காட்டில் நின்று கிள்ளிக்கொண்டிருந்தான். பேச்சி அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரைக் காலில் தேய்த்துக்கொண்டு, சாக்கை இடுப்பில் கட்டி, அவனுக்கு அடுத்த நிரையில் இறங்கினாள்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும். பேச்சியின் கை வேகம் ஊரறிந்தது. மெம்பர் ஆனபிறகும் அது குறையவில்லை. ராஜையனுக்கு அந்த லாகவம் வராது, ஒவ்வொன்றாகத்தான் பறிப்பான். அதனால் வழக்கமாக அவள் நிரையின் கோடிக்குப் போய், அவன் நிரையில் எதிராக வந்து பாதியில் சந்திப்பாள். அன்றைக்கும் அப்படியே சந்தித்தார்கள். நடுவில் ஒரு செடிதான் பாக்கி.

"ஏதாவது சொல்லுங்க. ஏசவாவது செய்யுங்க."

அவன் கொழுந்தைக் கூடையில் போட்டான்.

"நாந்தான் கடைசின்னு நெனச்சேன்" என்றான். "முப்பது குடும்பம் ஒருத்தனுக்காண்டி மழையில நனையுதேன்னு நெனச்சுத்தான் போட்டேன். கோமதிகிட்டப் போயி அதத்தான் சொன்னேன். 'மக்களே, எல்லாரும் போறா, அப்பாவால நிக்க முடியல'ன்னு சொன்னேன். அதுவும் பொய்யாப் போச்சு பாத்தியா. செத்த பிள்ளைகிட்டயும் என்னக் கொண்டு பொய் சொல்ல வச்சிட்ட."

 பேச்சியின் கிள்ளிய கை அப்படியே செடிமேல் நின்றது.

"கேட்டா நீங்க மாட்டேன்னுல்லா சொல்லியிருப்பிய."

"சொல்லியிருப்பேன். பத்து நாளு கழிச்சு இன்னொருக்கா கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். நான் என்ன கல்லா? தகரம் ஒழுகுறது எனக்கும் தெரியாதா? அந்தப் பத்து நாள எனக்குத் தரல நீ. மத்தவியளுக்கு நீ மெம்பரு. என்னவேணா செய்யி. வீட்டுக்குள்ள வந்து எதுக்கு மெம்பராட்டு இருந்த?"

கூடையைத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். நடுவில் நின்ற அந்த ஒரு செடியைக் கிள்ளாமலே பேச்சியும் திரும்பினாள்.

திங்கட்கிழமை ஜில்லா ஆபீசர் வந்து அசல் பத்திரங்களை வாங்கிப்போக வேண்டியது. பஞ்சாயத்து ஆபீசில் நகல் மட்டும் கொடுத்துவிட்டு அவற்றை அவள் தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். ஊரார் கூச்சல் போடுவார்கள், ஏசுவார்கள், ஆனால் ஒருவரும் ஒப்பைத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தனியாகக் கிடக்கிற பயம் அப்படி. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காரியம் நடந்துவிடும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே அவள் முடிவு செய்து அஞ்சுவிடம் சொல்லியிருந்தாள். பெட்டியைத் திறந்து பத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. தாணுமாலயன் சார்.

"நாளைக்குப் பெரட்டுக்குக் கூப்பிடப் போறியாமே. அஞ்சு சொன்னா."

பெரட்டு என்பது எஸ்டேட் ஓடிய காலத்தில் காலையில் தண்டவாளத் துண்டைத் தட்டி எல்லாரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பேர் விழுந்தால் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். கடைசிப் பேர் விழுகிறவரை ஒரு ஆள் களத்தை விட்டு நகரக் கூடாது. வேலை நிறுத்தமானாலும் கோயில் கொடையானாலும் அங்கே நின்றுதான் முடிவு. பேச்சி ஆகஸ்டில் செய்த முதல் தப்பே, பெரட்டு வைக்காமல் வீடு வீடாகப் போனதுதான்.

"ஆமா சாரே. எல்லாரையும் நிறுத்தி இன்னொருக்கா கேக்கப் போறேன். வேண்டாங்கவியளுக்குப் பத்திரத்தத் திருப்பிக் கொடுக்கப் போறேன்."

"ஒனக்குக் கிறுக்கா?" சார் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தன் மாட்டேன்னா எல்லாம் போச்சில்லா? எனக்க பொண்டாட்டி வடிவாம்பாளுக்கு ஒரு காலு கெடையாது. சுகர்ல எடுத்தாச்சு. கக்கூசுக்கு அம்பது படி எறங்கணும். நான் தூக்கிட்டு எறங்குகேன், எனக்கு அறுவத்தெட்டு வயசு. கீழ நமக்குக் கெடைக்கது தரைநெல வீடு, தெரியுமா?"

"பின்ன எதுக்கு இன்னைக்கு மைக்குல அப்படிப் பேசினிய?"

சார் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு மாசத்துல எலெக்ஷன் வருதில்லா. நீ தோக்கணும். வீடும் வேணும். ஒப்ப ஆரும் திருப்பிக் கேக்க மாட்டாவன்னு கணக்குப் போட்டுத்தான் பேசினேன். நீ இப்படிக் கோட்டிக்காரி மாதிரிக் கெளம்புவன்னு ஆரு கண்டா?"

பேச்சி அவரையே பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ மாக்கியவெல்லி நீங்கதான் சாரே!"

அவருக்கும் சிரிக்கத்தான் வந்தது. சிரிக்கவில்லை. "செரி, நாந்தான். இருந்துட்டுப் போறேன். நாளைக்கு அந்தத் தண்டவாளத்தத் தட்டாத பேச்சி. ஒனக்குக் கும்பிடு" என்று கையைச் சேர்த்தார். எத்தனையோ பேரைத் தன் மேஜைக்கு முன்னால் நிற்கவைத்த மனுஷன். பேச்சி அவர் கையைப் பிடித்துத் தாழ்த்திவிட்டு, "படியில வழுக்கும், பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, களத்துப் பலாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவள் இரும்புக் கம்பியால் தட்டினாள். எஸ்டேட் பூட்டியபின் ஆனை இறங்கினால் மட்டும்தான் அதைத் தட்டுவது வழக்கம். அதனால் ஜனங்கள் பானையும் தகரமும் பந்தமுமாக ஓடி வந்தார்கள்.

"எங்க? எந்தப் பக்கம் எறங்கியிருக்கு?"

"ஆனையில்ல" என்றாள் பேச்சி. "நாந்தான்."

சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். ஆனால் பெரட்டு என்று தெரிந்ததும் கால்கள் தாமாகவே பழைய இடத்துக்குப் போயின. மேலலயம் ஒருபக்கம், கீழலயம் ஒருபக்கம். பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த வரிசை மறக்கவில்லை. தாணுமாலயன் சார் பிளாஸ்டிக் நாற்காலியோடு வடிவாம்பாளைத் தூக்கி வந்து முன்னால் வைத்தார். ராஜையன் கடைசியில் நின்றான்.

"தாணு சார் சொன்னது சத்தியம்" என்று பேச்சி ஆரம்பித்தாள். "மேலலயத்துல உள்ளவியகிட்டப் பொய் சொன்னேன். எங்க வீட்டுலயும் பொய் சொன்னேன். தனியாக் கெடக்கப் பயப்படுவியன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். வீடு கெடைக்கணும்னுதான் செஞ்சேன், ஆனா செஞ்சது தப்பு. பத்திரம் எல்லாம் இங்க இருக்கு. பேரக் கூப்பிடுதேன். சம்மதம்னா சம்மதம். இல்லன்னா பத்திரத்த வாங்கிட்டுப் போங்க. ஏன்னு நானும் கேக்க மாட்டேன், வேற ஆரும் கேக்கப்பிடாது."

மேலலயத்தில் தொடங்கினாள். "தாணுமாலயன்." அவர் வாயைத் திறக்குமுன் வடிவாம்பாள், "சம்மதம்!" என்று களம் அதிரச் சொன்னாள். அடுத்த பேர், சம்மதம். அதற்கடுத்ததும். ஒவ்வொருவராகப் போகப் போகப் பேச்சிக்கு மூச்சு லேசானது. கேட்டாலும் தருவார்கள்தான் போலிருக்கிறது, எட்டு மாசம் நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பதினாலு பேர் ஆனது.

"கௌசல்யா."

"இருக்கேன்" என்றாள் கௌசல்யா. சேலைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கினாள். "பேச்சிக்கா, எனக்கு ரெண்டு பசு உண்டு. அவரு போனபெறவு அதுகதான் எனக்கு எல்லாம். கீழ எனக்கு மூணாவது மாடியில்லா? பசுவ எங்கன கொண்டு கெட்ட? வித்துட்டு வான்னு சொல்லுதாவ. முடியல்ல அக்கா. எனக்குச் சம்மதமில்ல."

களம் வெடித்தது. ரெண்டு பசுவுக்காக முப்பது குடும்பமா என்று ஒருவன் கத்தினான். கௌசல்யா அழுதுகொண்டே நின்றாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

பேச்சியின் கையில் அவள் பத்திரம். அப்போது பேச்சிக்குள் ஒன்று நடந்தது. கீழே கட்டிடத்துக்குப் பின்னால் தொழுவம் கட்டித் தருவார்கள், ஆபீசர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அவள் யோசிக்கவே இல்லை. தானாகவே வந்தது. சொன்னால் கௌசல்யா நம்பிவிடுவாள் என்றும் தெரிந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு முன்னால் போய், பத்திரத்தை கௌசல்யா கையில் கொடுத்தாள்.

"பெரட்டு முடிஞ்சுது. இனி எதுக்கு நிக்கணும்? போவோம்" என்று நாலைந்து பேர் கிளம்பினார்கள்.

"நில்லுங்க" என்றாள் பேச்சி. "கடைசிப் பேரு விழல்ல."

பழக்கம் பெரிய விஷயம்தான். முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள். மழை தூற ஆரம்பித்தது. அவள் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். சம்மதம், சம்மதம் என்று வெறுப்போடு எறிந்தார்கள். ஒன்றுக்கும் உதவாத சம்மதம். அதையும் விடாமல் குறித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு பத்திரம் மிஞ்சியது.

அவளுக்கு வாய் எழவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. வீட்டில் 'கேட்டியளா', வெளியில் 'அஞ்சுக்க அப்பா'. பஞ்சாயத்தில் லிஸ்ட் வாசிக்கும்போதுகூட 'வீட்டு நம்பர் பதினாலு' என்று வாசித்துவிட்டுப் போய்விடுவாள், கிளார்க் சிரித்துக்கொண்டே பேரைச் சேர்ப்பான். ஊருக்கே அது தெரியும்.

"வீட்டு நம்பர்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பெரட்டில் நம்பர் கூப்பிடுவதில்லை. மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் அவனுக்கும்.

"ராஜையன்" என்றாள்.

ஏசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடினார்கள். பின்னாலிருந்து, பழைய பெரட்டில் சொல்வதுபோலவே, குரல் வந்தது.

"இருக்கேன்."

"லயத்த விட்டு எறங்க... ஒங்களுக்குச் சம்மதமா?"

அவன் உடனே சொல்லவில்லை. சரிவில் தெரிந்த சில்வர் ஓக்கைத் திரும்பிப் பார்த்தான். மழை வலுத்தது. யாரும் நகரவில்லை. பேச்சி காத்து நின்றாள். இந்தத் தடவை அவனுக்கு எத்தனை நேரம் வேண்டுமோ அத்தனை நேரமும் நிற்பது என்று நின்றாள்.

"சம்மதம்" என்றான்.

பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. மழையில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. பேனாவால் குறித்தாள், மை கரைந்தது.

ஜனங்கள் கலைந்தார்கள். வடிவாம்பாளுக்குக் குடை பிடிக்க அவள் கிட்டப் போனாள். வடிவாம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

"அந்தப் பொய்யோடயே இருந்திருக்கலாமேட்டி. எனக்காண்டியாவது."

  சார் நாற்காலியைத் தூக்க, பேச்சி ஒருபக்கம் பிடித்து மேலலயம் வரை ஏறிவிட்டுத் திரும்பினாள்.

களத்தில் ராஜையன் மட்டும் பத்திரக் கட்டைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் கீழலயத்துக்கு நடந்தார்கள். வழக்கமாக அவன் முன்னால் போவான். அன்று பக்கத்தில் வந்தான்.

"இனி ஆரும் ஒன்ன மாக்கியவெல்லின்னு சொல்ல முடியாது" என்றான்.

"வீடும் கெடைக்காது."

"ஆமா."

ராஜையன் பத்திரக் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நாளைக்கு வித்துராவுல தார்ப்பாய் வாங்கணும்" என்றான். "ரெண்டா வாங்குவோம். கௌசல்யாக்குத் தொழுவுக்கு மேல போட ஒண்ணு. பத்து நாளு கழிச்சு அவகிட்ட இன்னொருக்கா கேளு."

"ஆபீசர் நாளைக்கே வாராரே. பத்து நாளு அவரு தருவாரா?"

"அவருகிட்டயும் கேளு" என்றான் ராஜையன். "எங்கிட்டக் கேட்டியே, அது மாதிரி."

வீட்டுக்குள் வந்ததும் பேச்சி பத்திரக் கட்டைப் பிரித்து, ஒழுகாத மூலையில் ஒவ்வொன்றாகக் காயவைத்தாள். முப்பதுதான் இருந்தது. முப்பத்தொன்றாவதற்கும் ஓர் இடம் விட்டு வைத்தாள்.